ஆராய்ச்சிச்சாலை வீரர் ஹாப்கின்

ஆனி பிறந்து மேல்காற்று வீசத் தொடங்கினால் தென்காசி விசுவநாத ஸ்வாமி கோயிலின் கோபுர வாயிலில் காற்று ஒருவரையும் நிலைகொண்டு நிற்க விடாது. அங்கிருந்து மூன்று நான்கு மைல் சென்றால் குற்றாலத்தில் பேரருவியும் ஐந்தருவியும் பொங்கி விழுவதைக் காணலாம். தென் ஜில்லாக்களிலிருந்தும் மலைக்கு அப்பாலுள்ள கேரளத்திலிருந்தும் வரும் ஜனத்திரள் ஒரே அருவியில் நீராடி, ஒரே வரிசைக் கடைகளில் உண்டு, இரண்டொரு நாளில் தத்தம் ஊருக்குக் கலைந்து விடுகிறது. இக்கூட்டத்தில் ஒருவருக்கு வாந்தியும் பேதியும் கண்டால், அது அஜீரணமா, கெட்டுப்போன பண்டத்தின் விளைவா, அல்லது விஷபேதியேதானா என்று கண்ணால் பார்த்த மாத்திரத்தில் சொல்ல எவ்வளவு சமர்த்தரான வைத்தியராலும் இயலாது. சோதனைச்சாலைதான் அதைச் சொல்ல வேண்டும். அது சொல்வதற்குள் கூட்டம் கலைந்துவிடுமாயின், நோயும் நூறு ஊர்களுக்குப் பிரயாணப்பட்டுவிடும்.

சோதனைச்சாலை என்ற ஒன்றே இல்லாத காலத்தையும் இச்சீமை கண்டிருக்கிறது. 1809 முதல் 1811 வரை கோயமுத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிப் பிரதேசங்களில் ஒரு கொடிய காய்ச்சல் பரவி ஜனங்களை வாரிக் கொண்டு போயிற்று. கும்பினி சர்க்கார் எயின்ஸ்லீ முதலான மூன்று வைத்தியர்கள் கொண்ட கமிட்டியை அனுப்பியது. அவர்கள் ஊர் ஊராகச் சுற்றி, மண்ணையும் நீரையும் மழையையும் பயிரையும் பற்றி எழுதிய அறிக்கை 1816-ல் லண்டனில் அச்சாயிற்று. உண்மையான உழைப்புத்தான், எனினும் நோய்க்குக் காரணமான கிருமியைக் காணும் வித்தை அன்று உலகில் எவருக்கும் தெரியாது. ஆகவே அந்த அறிக்கையால் பிழைத்தவர் எவருமில்லை.

கிருமியைக் கண்டுபிடித்து, வளர்த்து, அதைக் கொண்டே நோயைத் தடுக்கும் மருந்து செய்யும் முறையை இந்திய மண்ணில் நிலைநாட்டியவர் வால்டெமர் ஹாப்கின். இவர் ஆங்கிலேயருமல்லர், வைத்தியப் பட்டம் பெற்றவருமல்லர். 1860-ல் ருஷ்யாவின் ஒடெஸ்ஸா நகரில் யூத குலத்தில் பிறந்து, விலங்கியல் கற்றவர். ஜார் ஆட்சியில் யூதர்கள் மீது வெறிக்கும்பல் பாய்ந்தபோது தற்காப்புப் படையில் சேர்ந்து சிறை புகுந்தார். அவருடைய ஆசான் மெச்னிகாவ் பரிந்து பேசி மீட்டார். மதம் மாறினால் ருஷ்யாவில் உத்தியோகம் கிடைத்திருக்கும், மாற மறுத்தார். நாட்டை விட்டு வெளியேறி, பாரிஸ் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் புத்தகசாலை உதவியாளராக ஒட்டிக் கொண்டார். பகலில் புத்தகம் அடுக்கியவர் மீதி நேரத்தில் விஷபேதிக் கிருமியை ஆராய்ந்தார். 1892 ஜூலையில் தாம் செய்த தடுப்பு மருந்தை முதன்முதலாகத் தம் தேகத்திலேயே ஏற்றிக் கொண்டார்.

மறு வருஷம் கல்கத்தா வந்தார். அக்காலத்தில் நம் ஜனங்கள் ஊசியைக் கண்டு அஞ்சினார்கள் என்று பலர் ஏளனமாக எழுதியிருக்கிறார்கள். அந்த அச்சத்தில் நியாயமில்லாமல் போகவில்லை என்பதே நம் அபிப்பிராயம். அந்நிய சர்க்காரின் முத்திரையோடு வருகிற எதையும் சந்தேகிக்க அவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. ஹாப்கின் இதை அறிந்தவர். எவரையும் கட்டாயப்படுத்தாமல், இசைந்தவருக்கே ஊசி போட்டார். ஒரே சேரியில், ஒரே குளத்து நீரைக் குடிப்பவர்களில் பாதிப்பேர் போட்டுக் கொண்டால், மற்றப் பாதியோடு ஒப்பிட்டுப் பலனைக் கணிக்கலாம் என்று அதையே ஆராய்ச்சி முறையாகவும் ஆக்கினார். 1894-ல் கல்கத்தாவின் காட்டால் பகான் சேரியில் ஏறக்குறைய 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக் கொண்டனர். பின்பு அங்கே நோய் கண்ட பத்துப் பேரும் போட்டுக் கொள்ளாதவர்களே. இரண்டே கால் வருஷத்தில் சுமார் 42,000 பேருக்கு அவர் ஊசி போட்டார்.

1896-ல் பம்பாயில் பிளேக் நோய் புகுந்தது. வீதிகள் வெறிச்சோடின. சர்க்கார் ஹாப்கினை அழைத்து, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் சிறு இடமும், ஒரு குமாஸ்தாவும், மூன்று சேவகரும் கொடுத்தது. மாநகரமே சாகும் தறுவாயில் கொடுத்த சேனை அவ்வளவுதான்! மூன்று மாதத்துக்குள் மருந்து பிறந்தது. அது பிறந்த விதம் நேயர்கள் அறியத் தக்கது. இறைச்சிச் சாற்றில் கிருமியை வளர்க்க வேண்டும். மாடு என்றால் ஒரு சாராரும், பன்றி என்றால் மற்றொரு சாராரும் ஏற்க மாட்டார்கள் என்பதால் ஆட்டிறைச்சிச் சாற்றைக் கொண்டார். அதன் மேல் நெய்த் துளிகளை மிதக்க விட்டார். ஒவ்வொரு துளியின் அடியிலும் கிருமிக் கூட்டம் விழுதுகளைப் போல் கீழ்நோக்கித் தொங்கி வளர்ந்தது. குடுவையை ஆட்டினால் விழுதுகள் உதிரும். மீண்டும் புதியவை தொங்கும். போதுமான அளவு வளர்ந்ததும் சூடேற்றிக் கிருமிகளைக் கொன்று, கார்பாலிக் திராவகம் சிறிது சேர்த்துக் குப்பிகளில் அடைத்தார். 1897 ஜனவரி 10-ந் தேதி, பிறருக்குக் கொடுக்கப் போவதினும் பன்மடங்கு அதிக அளவைத் தம் தேகத்தில் ஏற்றிக் கொண்டு, காய்ச்சலையும் வேதனையையும் குறித்து வைத்தார். அம்மாதக் கடைசியில் பைகுல்லாச் சிறையில் இசைந்த கைதிகளுக்குப் போட்டுப் பார்த்ததில் பலன் தெளிவாயிற்று. ஆகா கான் தாமே முன்வந்து பலர் முன்னிலையில் ஊசி போட்டுக் கொண்டு தம் மரபினருக்கு வழிகாட்டினார்.

அதே வருஷத்தில் புனாவில் சர்க்கார் கைக்கொண்ட வழியை நாம் மறக்கவில்லை. சோல்ஜர்கள் வீடு புகுந்து சோதித்ததும், அதன் விளைவாக ராண்டு கொலையுண்டதும், திலகர் சிறை சென்றதும் சரித்திரம். ஒரே நோய்க்கு எதிராக ஒரே மாகாணத்தில் துப்பாக்கி ஒரு பக்கமும் குப்பி ஒரு பக்கமும் நின்றன. ஜனங்கள் எதை நாடி வந்தனர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1899-ல் பரேலிலிருந்த பழைய கவர்னர் மாளிகை ஹாப்கினுக்கு ஆராய்ச்சிச்சாலையாயிற்று. அங்கிருந்து மருந்து லட்சக்கணக்கில் வெளியூர்களுக்குப் போயிற்று.

இந்த உச்சியில்தான் இடி விழுந்தது. 1902 அக்டோபர் 30-ந் தேதி பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். அவர்களில் 53-என் என்று இலக்கமிட்ட ஒரே குப்பியிலிருந்து மருந்து பெற்ற 19 பேரும் இசிவு நோய் கண்டு மாண்டனர். மற்றக் குப்பிகளின் மருந்தைப் பெற்ற எவருக்கும் ஒன்றும் நேரவில்லை. மருந்து விரைவாகத் தேவைப்பட்டதால் அத்தொகுதியில் கார்பாலிக் திராவகம் சேர்க்கப்படவில்லை. இது ஒன்றே விசாரணைக் கமிஷனுக்குப் போதுமானதாயிற்று. குப்பி திறப்பதற்கு முன்பே பரேலில் கெட்டுவிட்டது என்று தீர்த்தார்கள். ஹாப்கின் பதவி இழந்து ஐரோப்பா திரும்பினார். ருஷ்ய யூதர், வைத்தியப் பட்டமில்லாதவர், வைத்திய இலாகாவின் துரைமார்களுக்கு மேல் புகழ் பெற்றவர்: இவருக்காகப் பரிந்து பேச இலாகாவில் யார் இருந்தார்கள்?

அவரைக் காத்தது குறிப்பேடு. ஒவ்வொரு குப்பிக்கும் இலக்கமும், அது எந்தக் குடுவையிலிருந்து எந்நாளில் நிரப்பப்பட்டது என்ற கணக்கும் இருந்தமையால்தான் கேடு ஒரே குப்பியோடு நின்றது என்பதை நிரூபிக்க முடிந்தது. ஊசி போட்ட இடத்தில் உதவியாளர் இடுக்கியைத் தரையில் தவற விட்டு, சரியாகச் சுத்தி செய்யாமல் அதனாலேயே குப்பியின் தக்கையை எடுத்தார் என்ற சாட்சியமும் ஏட்டில் இருந்தது. இசிவுக் கிருமி மண்ணில் வாழ்வது. இதைச் சுட்டிக் காட்டி, மலேரியா கொசுவால் பரவுவதைக் கண்ட ரொனால்டு ராஸ் முதலிய பத்து விஞ்ஞானிகள் 1907 ஜூலையில் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் கையொப்பமிட்டு எழுதினர். அவ்வாண்டின் இறுதியில் சர்க்கார் ஹாப்கின் மீது குற்றமில்லை என ஒப்புக் கொண்டது. ஐந்து வருஷம்!

இன்று தடுப்பு மருந்துக் குப்பி ஒவ்வொன்றின் மேலும் அச்சாகியிருக்கும் தொகுதி எண்ணை எவரும் கவனிப்பதில்லை. 2018-ல் கோழிக்கோட்டில் நிபா கண்டபோது மணிப்பால், புனே ஆராய்ச்சிச்சாலைகள் அதை விரைவில் இனங்கண்டதற்குக் காரணம், நோய் வருமுன்பே முறையும் ஆளும் கருவியும் அங்கே ஆயத்தமாயிருந்தமையே. 2020-ல் கொரோனா வந்தபோது, அப்போதுதான் தனி மாவட்டமாகியிருந்த தென்காசியின் மாதிரிகள் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்குச் செல்ல வேண்டியிருந்தன. சாரல் தொடங்கிய பின்பு குற்றாலத்தில் கடை கட்டுகிற வியாபாரி உண்டா? சித்திரை வெயிலில், அருவி வறண்டு பாறை தெரியும்போதே அவன் கம்பு நடுகிறான். சோதனைச்சாலைக்குப் பணம் ஒதுக்குகிறவர்களுக்கு மட்டும் அருவி விழுந்த பிறகே நினைவு வருகிறது.

ஹாப்கின் கல்கத்தாவுக்குத் திரும்பி வந்தார். ஆனால் பரேலின் தலைமைப் பீடத்தில் வேறொருவர் அமர்ந்திருந்தார். ஜனங்களிடையே புதிய மருந்தைச் சோதிக்கவும் அனுமதி இல்லை. 1914-ல் ஓய்வு பெற்றார். மணம் புரியவில்லை. 1925-ல் பரேல் ஆராய்ச்சிச்சாலைக்கு அவர் பெயரைச் சூட்டினர். செய்தி கேட்டு நன்றி எழுதியவர், தம் வாழ்வின் நல்ல ஆண்டுகள் பம்பாயில் செலவானதை நினைவு கூர்ந்தாரே ஒழிய முல்கோவாலைப் பற்றிக் குறை கூறவில்லை. 1930 அக்டோபர் 26-ந் தேதி ஸ்விட்ஜர்லாந்தின் லோஸான் நகரில் காலமானார்.