பல்லழுக்கில் ஓர் உலகம் கண்டவர்

ஆலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் 1632ஆம் ஆண்டு கூடை முடைபவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அந்தோனி வான் லீவன்ஹூக். தந்தையைச் சிறுவயதிலேயே இழந்தார். பதினாறாம் வயதில் ஆம்ஸ்டர்டாம் துணிக்கடை ஒன்றில் தொழில் பழகி, ஊர் திரும்பித் தாமே கடை வைத்தார். கல்லூரி வாசலை மிதித்தவரல்லர்; அன்றைய அறிஞர் மொழியாகிய இலத்தீனும் அறியார்.

நம் ஆய்வகத்துக் கூட்டு நுண்ணோக்கியை மனத்தில் வைத்து அவருடைய கருவியைக் கற்பனை செய்யக் கூடாது. உள்ளங்கையில் அடங்கும் உலோகத் தகடு. அதில் பதித்த ஒரே ஒரு சிறு வில்லை. அவ்வளவுதான். ஆயினும் எஞ்சியுள்ளவற்றுள் சிறந்தது ஏறத்தாழ 270 மடங்கு பெருக்கிக் காட்டுகிறது! தம் சிறந்த முறைகளை அவர் எவருக்கும் கற்பிக்கவில்லை. அது அறிவியலுக்கு நேர்ந்த இழப்பே.

1676இல், தண்ணீரில் கண்ணுக்குப் புலனாகாத உயிர்கள் திரிவதாக இலண்டன் இராயல் கழகத்துக்கு எழுதினார். அறிஞர்கள் ஐயுற்றனர். ஊர்ப் பெரியோரை அழைத்துக் காட்டி, அவர்களின் சாட்சியத்தை அனுப்பினார். 1677இல் இராபர்ட் ஹூக் தாமே கண்டு உறுதி செய்தார். 1680இல் கழகம் அவரை உறுப்பினராக்கியது.

1683இல் அவர் பார்வை தம் வாய்க்குள்ளேயே திரும்பியது. நாள்தோறும் உப்பால் பல் தேய்த்துத் துணியால் துடைப்பவர் அவர். அப்படியும் பல்லிடுக்கில் மாவுபோல் வெண்ணிற அழுக்கு படிந்திருந்தது. அதை மழைநீரில் கலந்து பார்த்தால், எத்தனையோ உயிர்கள் நெளிந்தன. காடியைச் சேர்த்ததும் அவை மடிந்தன. ஆனால் காடியால் வாய் கொப்பளித்த பின்பும் பல்லழுக்கில் அவை உயிரோடிருந்தன! காடி வெளிப்புறத்தில் உள்ளவற்றையே கொன்றது, உள்ளே ஊடுருவவில்லை என்று அவர் முடிவு கட்டினார்.

அந்த அழுக்கைத்தான் இன்று உயிர்ப்படலம் என்கிறோம். பாக்டீரியாக்கள் தாமே சுரக்கும் பசைக்குள் ஒன்றையொன்று பற்றிக் குடியிருக்கின்றன. மருந்து எளிதில் உட்புகுவதில்லை. கொல்வதைவிடப் பிடிப்பைத் தளர்த்துவதே நல்வழி எனச் சிலர் அமினோ அமிலங்களை நாடினர். ஆடியில் தெரியும் உருவம்போல் இடவலம் மாறிய டி-அமினோ அமிலங்கள், பேசிலஸ் சப்டிலிஸ் படலம் கட்டுவதைத் தடுப்பதாக 2010இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவை புரத உற்பத்தியைக் குலைப்பதே அதற்குக் காரணம் என 2013இல் வேறோர் ஆய்வு திருத்தியது. எனினும் முயற்சி நிற்கவில்லை. உமிழ்நீரில் வளர்த்த பற்படலத்தை மிகுந்த செறிவுள்ள ஆர்ஜினின் தளர்த்தியதாகவும், உடன் சேர்த்த கிருமிநாசினி அப்போது நன்கு வேலை செய்ததாகவும் 2015இல் அறியப்பட்டது. காடி நுழையாத கதவு சற்றே திறந்தது எனலாம்.

லீவன்ஹூக் 1723இல், தொண்ணூறாம் வயதில் காலமானார். இறுதிவரை கடிதங்களைத் தம் தாய்மொழியாகிய டச்சிலேயே எழுதினார். இராயல் கழகத்துக்கு அவர் விட்டுச்சென்ற 26 நுண்ணோக்கிகளும் பிற்காலத்தில் காணாமற் போயின.