கூரையும் உரிமையே

நுழையும்முன்

உணவு, உடை, உறைவிடம் ஆகிய மூன்றும் மனித வாழ்வின் அடிப்படைத் தேவைகள். அவற்றுள் உறைவிடம் பெறுவதே அரிது. ஒரு நாள் உழைப்பு ஒரு நாள் உணவைத் தரும். வாழ்நாள் முழுவதும் உழைத்தும் சொந்தக் கூரையைக் காணாதோர் பலர். வீடு என்பது விலைகொடுத்து வாங்கும் பண்டமா, குடிமக்கள் அனைவருக்கும் உறுதிசெய்ய வேண்டிய உரிமையா என்னும் வினா நெடுங்காலமாக எழுந்து வருகிறது. முதலாளித்துவம் முதல் விடையையும் சமதர்மம் இரண்டாம் விடையையும் தேர்ந்தன. நாடாளுமன்ற மக்களாட்சியின் வழியே இரண்டாம் விடைக்குச் செயல்வடிவம் தர முயன்ற ஒருவரின் வாழ்க்கை இது.

நிலக்கரி மண்ணில் பிறப்பு

பிரித்தானியாவின் மேற்குப் பகுதியில் உள்ள வேல்ஸ் நாடு மலைகளும் பள்ளத்தாக்குகளும் நிறைந்தது. அதன் தென்பகுதியில் அமைந்த டிரெடீகர் என்னும் சுரங்க ஊரில் 1897 நவம்பர் 15ஆம் நாள் அனைரின் பெவன் பிறந்தார். தந்தை டேவிட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. தாய் ஃபீபி தையற்கலை அறிந்தவர். இவர்களுக்குப் பிறந்த பத்துக் குழந்தைகளுள் சிலர் இளமையிலேயே மறைந்தனர். நெருக்கமான வீடுகளும் நோயும் குழந்தைச் சாவும் அக்காலச் சுரங்க ஊர்களில் பிரிக்க முடியாதவையாக இருந்தன.

பெவனுக்குத் திக்குவாய் இருந்தது. பள்ளி அவருக்கு இனிக்கவில்லை. பதின்மூன்றாம் வயதில் சுரங்கத்திற்குள் இறங்கினார். பகலில் நிலக்கரி வெட்டிய அவர், ஓய்வு நேரத்தைத் தொழிலாளர் நூலகத்தில் கழித்தார். நாவில் தடைபடும் சொல்லுக்கு மாற்றாக வேறொரு சொல்லைத் தேடித் தேடிச் சொல்வளம் பெருக்கினார். மேடைகளில் இடைவிடாது பேசிப் பழகினார். பிற்காலத்தில் நாடாளுமன்றமே வியந்து கேட்ட பேச்சாளராக அவரை ஆக்கியது இந்தப் பயிற்சியே.

தொழிற்சங்க உதவித்தொகை பெற்று, 1919இல் இலண்டனில் உள்ள தொழிலாளர் கல்லூரியில் சேர்ந்து ஈராண்டுகள் பயின்றார். ஊர் திரும்பியவருக்குச் சுரங்கத்தின் கதவு அடைக்கப்பட்டது. வேலையின்மையின் கொடுமையைத் தம் வீட்டிலேயே கண்டார். 1925இல் அவருடைய தந்தை, நிலக்கரித் தூசி நுரையீரலில் படிந்ததால் ஏற்பட்ட நோய்க்கு இரையானார். அந்நோயை இழப்பீட்டுக்கு உரியதாக அன்றைய சட்டம் ஏற்கவில்லை. வாழ்நாள் முழுவதும் உழைத்த ஒருவரின் இறப்பு ஒரு காசுக்கும் உரிமையற்றதாய்ப் போனது. இந்த இழப்பு மகனின் நெஞ்சில் ஆறாத வடுவாய் நிலைத்தது.

நாடாளுமன்றத்தில் தொழிலாளர் குரல்

1922இல் டிரெடீகர் நகர்ப்புற மன்றத்தின் உறுப்பினரான பெவன், குடிநீர், கழிவுநீர், மருத்துவம், குடியிருப்பு ஆகியவை உள்ளாட்சியின் கையில் எவ்வாறு உருப்பெறுகின்றன என்பதை நேரில் கற்றார். 1929இல் எபு வேல் தொகுதியிலிருந்து தொழிற்கட்சியின் சார்பில் நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இறக்கும் வரை அத்தொகுதி மக்கள் அவரைக் கைவிடவில்லை. 1934இல், தம்மைப் போன்றே சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து அரசியலுக்கு வந்த ஜென்னி லீயை மணந்தார்.

போர் விட்டுச்சென்ற சிதைவு

இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945ஆம் ஆண்டில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. தலைமையமைச்சர் கிளமென்ட் அட்லி, பெவனை நலவாழ்வு அமைச்சராக அமர்த்தினார். வீட்டுவசதியும் அத்துறையின் பொறுப்பாகவே இருந்தது. 1948 ஜூலை 5ஆம் நாள் அவர் தொடங்கிவைத்த தேசிய நலவாழ்வுப் பணியை உலகம் நினைவில் வைத்துள்ளது. அதே கைகள் ஆற்றிய வீட்டுவசதிப் பணியை நினைப்போர் குறைவு.

குண்டுவீச்சால் நான்கரை இலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தும் குடியிருக்கத் தகாதவையாகியும் கிடந்தன. போர்க்களத்திலிருந்து திரும்பிய வீரர்கள் மணம் முடித்துப் பெற்றோர் வீட்டின் ஓரறையில் ஒடுங்கினர். கட்டுமானத் தொழிலாளர் எண்ணிக்கை போருக்கு முன்பு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. மரத்தை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டும். அதற்கு வேண்டிய டாலரோ அரசின் கையில் இல்லை.

இருக்கும் செங்கல்லையும் மரத்தையும் ஆள்வலிமையையும் முதலில் எவருக்குப் பயன்படுத்துவது என்பதே பெவன் எதிர்கொண்ட வினா. 1930களின் நடுவில் தனியார் கட்டுநர்கள் ஆண்டுதோறும் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டினர் என்பது உண்மை. விலை கொடுக்க வல்லோர்க்கே அவை கிட்டின என்பதும் உண்மை. சந்தை, தேவையைப் பார்ப்பதில்லை. வாங்கும் ஆற்றலையே பார்க்கிறது. ஆதலால் கட்டுமான உரிமங்களில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளாட்சி மன்றங்கள் வாடகைக்குக் கட்டும் வீடுகளுக்கு அளிப்பது என்று பெவன் முடிவுசெய்தார். மன்றங்களுக்கான அரசு மானியத்தை 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே உயர்த்தினார்.

உரிமையும் வரிசையும்

திட்டம் தீட்டப்பட்டது, ஆயினும் சுவர்கள் மெல்லவே எழுந்தன. பொறுமையிழந்த மக்கள் 1946ஆம் ஆண்டுக் கோடையில், வெறுமையாய்க் கிடந்த படைமுகாம்களுக்குள் குடியேறினர். இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 40,000 பேர் இவ்வாறு புகுந்தனர். அவர்களை விரட்டுவதற்கு மாறாக, முகாம்களை உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைத்து, குடியிருக்க ஏற்றவையாக்க அரசு வழிசெய்தது.

செப்டம்பர் மாதத்தில் இலண்டன் நகரின் செல்வர் வாழும் பகுதியில் பூட்டிக் கிடந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குள் வீடற்ற குடும்பங்கள் நுழைந்தபோது அரசின் போக்கு மாறியது. நீதிமன்றத்தின் துணையோடு அவர்கள் வெளியேற்றப்பட்டனர். முன்னின்று நடத்தியோர் மீது வழக்குத் தொடரப்பட்டது. காத்திருப்போர் வரிசையை மீறுவது, அவ்வரிசையில் அமைதியாக நிற்கும் ஏழைக்கே இழைக்கும் அநீதி என்பது அரசின் நிலைப்பாடு. பூட்டிய வீடும் தெருவில் நிற்கும் குடும்பமும் ஒரே நகரில் இருப்பது அதனினும் பெரிய அநீதி அன்றோ என்பது வீடற்றோரின் வினா. உரிமை என்று அறிவித்தால் மட்டும் போதாது. அதனை உரிய காலத்தில் வழங்கும் கடமையும் உடன் வருகிறது என்பதை அந்நிகழ்வு அவருக்கும் நாட்டுக்கும் உணர்த்தியது.

எலி வளையா, மனித இல்லமா?

எலி வளையானாலும் தனிவளை வேண்டும் என்பது தமிழர் பட்டறிவு. ஏழைக்கு எலி வளையே போதும் என்று எண்ணுவோரைப் பெவன் ஏற்கவில்லை. மூன்று படுக்கையறை கொண்ட பொதுவீட்டின் குறைந்த அளவு முன்பு ஏறத்தாழ 750 சதுர அடியாக இருந்தது. அதனை 900 சதுர அடியாக உயர்த்தினார். மாடியிலும் கீழ்த்தளத்திலும் தனித்தனிக் கழிப்பறைகள் அமைய வேண்டும் என்றார். அளவைக் குறைத்தால் எண்ணிக்கையைக் கூட்டலாம் என்று தம் கட்சியினரே வற்புறுத்தியபோதும் அவர் இசையவில்லை. ஓரிரு ஆண்டுகளுக்கு எண்ணிக்கையைக் கொண்டு மக்கள் தம்மை மதிப்பிடுவர். பத்தாண்டுகள் கழிந்தபின் வீட்டின் தரத்தைக் கொண்டே மதிப்பிடுவர் என்பது அவர் கருத்து.

அதுவரை பொதுவீடுகள் உழைக்கும் வகுப்பினர்க்கு மட்டுமே உரியவை என்று சட்டம் கூறியது. 1949ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் அவ்வரையறையை நீக்கியது. மருத்துவரும் மளிகைக் கடைக்காரரும் பண்ணைத் தொழிலாளியும் ஒரே தெருவில் வாழ வேண்டும் என்பது பெவனின் கனவு. ஏழைகளுக்கெனத் தனித்தெரு அமைத்தால் அது நாளடைவில் இழிவின் அடையாளமாகிவிடும் என்பதை அவர் முன்னுணர்ந்தார். ஐக்கிய நாடுகள் அவை 1948 டிசம்பர் 10ஆம் நாள் வெளியிட்ட மனித உரிமைகள் அறிக்கையின் 25ஆம் பிரிவும் போதிய வாழ்க்கைத்தரத்திற்கான உரிமைக்குள் உறைவிடத்தைச் சேர்த்தது.

1947இல் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியால் வீட்டுவசதிக்கான நிதி குறைக்கப்பட்டது. எனினும் 1951ஆம் ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ பத்து இலட்சம் நிலையான வீடுகள் எழுந்தன. அவற்றுள் பெரும்பாலானவை பொதுவீடுகள். தொழிற்சாலைகளில் உருவாக்கிப் பொருத்தப்பட்ட தற்காலிக வீடுகள் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டின. ஆயினும் நாட்டின் தேவை அதனினும் பெரிதாகவே இருந்தது.

பதவியினும் கொள்கை பெரிது

பற்களுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க அரசு முடிவெடுத்தபோது, 1951 ஏப்ரலில் பெவன் அமைச்சரவையிலிருந்து விலகினார். அவ்வாண்டு ஆட்சியைப் பிடித்த பழைமைவாதக் கட்சி, ஆண்டுக்கு 3 இலட்சம் வீடுகள் என்னும் இலக்கை அறிவித்து 1953இல் அதனை எட்டியது. வீட்டின் பரப்பைக் குறைத்ததும் அவ்விரைவுக்கு ஒரு காரணமாகும். எண்ணிக்கையா, தரமா என்னும் வழக்கில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. மழையில் நனைந்து நிற்பவருக்குச் சிறு கூரையும் பெரிது. அக்கூரையின் கீழ் வளரும் குழந்தைக்கோ காற்றும் ஒளியும் இடமும் வேண்டும்.

1960 ஜூலை 6ஆம் நாள், தமது 62ஆம் வயதில் பெவன் மறைந்தார். 1970களின் இறுதியில் பிரித்தானியக் குடும்பங்களுள் மூன்றில் ஒரு பங்கிற்கு அருகில் பொதுவீடுகளில் வாழ்ந்தன. 1980ஆம் ஆண்டுச் சட்டம், குடியிருப்போரே அவ்வீடுகளைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையை அளித்தது. வாடகைக்காரர் பலர் உரிமையாளராயினர். விற்கப்பட்டவற்றுக்கு ஈடாகப் புதிய பொதுவீடுகள் எழவில்லை. பண்டமா, உரிமையா என்னும் பழைய வழக்கு மீண்டும் உயிர்பெற்றது.

டிரெடீகருக்கும் எபு வேலுக்கும் இடைப்பட்ட மேட்டுநிலத்தில் நான்கு சுண்ணாம்புக் கற்கள் பெவனின் நினைவாக நிற்கின்றன. ஒன்று அவரையும் ஏனைய மூன்றும் அவர் தொகுதியின் மூன்று ஊர்களையும் குறிக்கின்றன. அவர் எழுப்பிய பெரிய நினைவுச்சின்னம் அங்கு இல்லை. இன்றும் மாலையில் விளக்கேற்றப்படும் இலட்சக்கணக்கான எளிய வீடுகளின் அகன்ற அறைகளில் அது இருக்கிறது.