உள்ளே நனையாத கல்

தாம்பரத்துல பீச் ட்ரெயின் ஏறி, சானடோரியம், குரோம்பேட்டை தாண்டினதும் ஜன்னல் வழியா பாருங்க. பல்லாவரம், திரிசூலம் பக்கம் வெட்டினது போக மிச்சம் நிற்கிற மலைகள் தெரியும். அந்தக் கல்லுக்கு சார்னோக்கைட்னு பேர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் இருக்கிற கல் இந்த வகைதான்; அவர் பேரையே கல்லுக்கும் வச்சுட்டாங்க. ரொம்ப இறுக்கமான கல். ஐப்பசி, கார்த்திகை மழை எத்தனை வருஷம் அது மேல கொட்டினாலும், உடைச்சா உள்ளே காய்ஞ்சுதான் இருக்கும்.

இமயமலையில ஒரு ஆத்தங்கரையில் உட்கார்ந்து, தண்ணிக்குள்ள கிடந்த ஒரு கல்லை எடுத்து உடைச்சுப் பார்த்தவர் ஒருத்தர் உண்டு. அவர்தான் சாது சுந்தர் சிங்.

1889 செப்டம்பர் 3-ஆம் தேதி, பஞ்சாப்பில் லூதியானா பக்கம் ராம்பூர் கிராமத்தில் வசதியான சீக்கியக் குடும்பத்தில் பிறந்தார். மகன் ஒரு சாதுவாக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. பதினாலு வயசில் அந்த அம்மா இறந்துபோனார். பையன் உடைஞ்சுபோனான். மிஷன் பள்ளியில் படித்தாலும் கிறிஸ்தவம் என்றாலே கோபம். 1904 டிசம்பரில் பைபிளைக் கிழித்து எரித்தான். அப்பவும் மனசு ஆறலை. கடவுள் தன்னைக் காட்டாவிட்டால், விடியற்காலை ரயில் முன்னால் தலையை வைத்துவிடுவது என்று முடிவு செய்து, இருட்டிலேயே எழுந்து ஜெபித்தான். அந்த நேரத்தில் இயேசுவைத் தரிசனமாகக் கண்டதாகப் பின்னாளில் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார்.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்துறேன். தண்டவாளச் சத்தம் கேட்கிற ஹாஸ்டல் ரூம்ல இதைப் படிக்கிற யாருக்காவது அப்படி ஒரு எண்ணம் இருந்தா, தரிசனத்துக்குக் காத்திருக்காதீங்க. எழுந்து போய் பக்கத்து ரூம் கதவைத் தட்டுங்க. எந்த நேரமானாலும் பரவாயில்லை.

தன் பதினாறாவது பிறந்த நாளில் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார். அடுத்த மாசமே காவி உடுத்தி, கையில் புதிய ஏற்பாட்டோடு கிளம்பினார். அம்மா ஆசைப்பட்ட மாதிரியே சாது. ஆனால் கிறிஸ்தவ சாது. லாகூர் இறையியல் கல்லூரி கொஞ்ச நாளுக்கு மேல் ஒத்துவரவில்லை. அவருக்கு மலையும் ஆறும்தான் வகுப்பறை.

அங்கே படித்ததைத்தான் ஊர் ஊராகச் சொன்னார். கூட்டுக்குள் துடிக்கிற பட்டுப்புழுவைப் பார்த்து இரக்கப்பட்டு ஒருவன் கூட்டைப் பிரித்துவிட்டானாம், புழு செத்துப்போனது. அந்தப் போராட்டம்தான் அதற்குப் பலம், கடவுள் சில கஷ்டங்களை உடனே நீக்காததும் அதனால்தான் என்பார். இன்னொன்று, பனிப்பாதையில் நடந்ததாக அவர் சொன்னது. விறைத்துக் கிடந்த ஒருவரை இவர் முதுகில் தூக்கிக்கொண்டார். கூட வந்தவர் தன் உயிர் முக்கியம் என்று முன்னே போய்விட்டார். சுமந்த உழைப்பில் உண்டான சூடு இவரையும் காப்பாற்றியது, முதுகில் இருந்தவரையும் காப்பாற்றியது. தனியாகப் போனவர் வழியில் விறைத்து இறந்துகிடந்தார்.

1918-இல் சென்னைக்கும் தென்னிந்தியாவின் பல ஊர்களுக்கும் இலங்கைக்கும் வந்தார். 1920-இல் இங்கிலாந்து, அமெரிக்கா, 1922-இல் ஐரோப்பா. நம்ம பாளையங்கோட்டை ஏ.ஜே. அப்பாசாமி, ஸ்ட்ரீட்டர் என்ற ஆங்கில அறிஞரோடு சேர்ந்து அவரைப் பற்றி 1921-இல் ஒரு நூலே எழுதினார். ஐரோப்பாவில் சிலர் அவர் கதைகளைச் சந்தேகப்பட்டதும் உண்டு. பெரிய சர்ச்சையாகவே ஆனது.

அந்த மேடைகளில்தான் ஆத்துக் கல் கதையைச் சொன்னார். ரொம்ப காலம் தண்ணிக்குள்ளேயே கிடந்த கல், உடைச்சா உள்ளே ஈரமே இல்லை. குறை தண்ணியில் இல்லை, கல்லின் கடினத்தில். நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவத்துக்குள் வாழ்ந்தும் கிறிஸ்து உள்ளே இறங்காத உங்கள் நிலைமையும் இதுதான் என்று அவர்கள் ஊரிலேயே, அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். தைரியம்தான்!

உலகப் புகழ் வந்த பிறகும் வசதியாக ஓரிடத்தில் தங்கவில்லை. உடல்நிலை மோசமாக இருந்தும் 1929 ஏப்ரலில் மறுபடி திபெத்துக்குக் கிளம்பினார். திரும்பி வரவே இல்லை. அப்போது வயது 39.

அவர் நம்பிக்கை உங்களுடையதாக இருக்கணும்னு இல்லை. ஆனா அந்தக் கல் யாரையும் விடாது. நான் பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவன், என்னையும் விடலை. நீங்க கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போகலாம், எங்கேயும் போகாமலும் இருக்கலாம். நாலு வருஷம் லெக்சர், லேப், நூறு நல்ல புத்தகம், நல்ல நண்பர்கள்னு நம்மைச் சுத்தியும் தண்ணி ஓடிட்டேதான் இருக்கு. அடுத்த தடவை ட்ரெயின்ல பல்லாவரம் மலையைத் தாண்டும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: உள்ள ஈரம் இருக்கா?