புரத வடிவங்கண்ட இராமச்சந்திரனார்

கடல்நீரும் உறையத் தலைப்படும் வட அட்லாண்டிக் கரையோரங்களிலே, ஒருவகைத் தட்டைமீன் பனிக்காலத்தும் குருதி உறையாது உலவுகின்றது. அதன் குருதியிலுள்ள சிறு புரதமொன்று, பனித்துகளைப் பற்றிக்கொண்டு அதனை வளரவொட்டாது தடுக்கின்றது. அறிஞர் அப்புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர் செலுத்தி, அதன் உருவத்தைக் கண்டனர். இங்ஙனம் காணப்படும் உருவம் பொருந்துமோ பொருந்தாதோ என்று தேர்தற்கு உலகெங்கும் கொள்ளப்படும் உரைகல்லொன்று உண்டு. அதனை ஆக்கியளித்தவர் சென்னையிலிருந்து ஆராய்ந்த ஜி. என். இராமச்சந்திரனார் ஆவர்.

அன்னார் 1922-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8-ஆம் நாள் எர்ணாகுளத்திற் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். திருச்சிராப்பள்ளி அர்ச். சூசையப்பர் கல்லூரியிற் பௌதிகம் பயின்றபின், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலே மின்பொறியியல் கற்கப் புகுந்தார். சர் சி. வி. இராமன் அவர்தம் திறங்கண்டு பௌதிகத் துறைக்கு ஈர்த்துக்கொண்டார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று மீண்ட அவர், 1952-இல், முப்பது வயதளவிலே, சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத் துறைத் தலைவரானார்.

தோலுக்கும் எலும்புக்கும் வலுவளிக்கும் கொலாஜன் என்னும் புரதத்தின் உருவம் அக்காலத்தே தெளிவாகவில்லை. சென்னை போந்த பெர்னால் என்னும் அறிஞர் வாயிலாக இதனை உணர்ந்த இராமச்சந்திரனார், கோபிநாத் கர்த்தாவுடன் ஆராய்ந்து, அது முப்புரியாய் அமைந்ததென 1954-இல் வெளியிட்டார். நூலும் பின்னலுமே தொழிலாகவுள்ள திருமுருகன்பூண்டிப் பக்கத்தார்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. மூன்றிழை முறுக்கிய நூலை நினைந்தாற் போதும்.

ஆயினும், அவ்வுருவத்திற் சில அணுக்கள் அளவிறந்து நெருங்கியுள்ளன என்று கிரிக், ரிச் என்போர் மறுத்தனர். இராமச்சந்திரனார் அம்மறுப்பையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். அணுக்கள் எத்துணை நெருங்கலாம் என்பதனை, முன்னறியப்பட்ட படிகங்களின் அளவுகளிலிருந்து தொகுத்தார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு கோணங்களிலே திரும்பவல்லது. எவ்வெக் கோணங்களில் திரும்பின் அணுக்கள் ஒன்றோடொன்று மோதா என்பதனை இராமகிருஷ்ணன், சசிசேகரன் என்னும் இருவரோடும் கணக்கிட்டு வரைந்தார். 1963-இல் வெளிவந்த அதுவே இராமச்சந்திரன் வரைபடம்.

முப்புரி என்னும் கொள்கையும் திருத்தங்களோடு நிலைபெற்றது. 1977-இல் இலண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. நோபெல் பரிசு கிட்டிற்றில்லை. 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையிலே காலமானார்.

தட்டைமீனின் அச்சிறு புரதம் 37 அமினோ அமிலங்களாலான ஒற்றைச் சுருள். அச்சுருளின் கோணங்கள் அவர் வரைந்த எல்லைக்குள்ளேயே அமைகின்றன. அவர் கண்டறியாத கடல்மீனின் குருதிக்கும் அவர்தம் அளவு பொருந்துகின்றது. குறைகூறினாரை வெறாது குறையை ஆராய்ந்த நெஞ்சமே அதற்கு வித்தாயிற்று. மாணவராகிய நாம் கொள்ளத்தக்கது அந்நெஞ்சமே.