மெழுகுக்கு உயிரூட்டிய மேரி டுசாட் அம்மையார்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், வேதியியல்)

மண்ணைப் பிசைந்து பொம்மை செய்து பார்க்காத குழந்தை உலகில் இல்லை. தன்னைப் போலவே ஓர் உருவத்தைப் படைத்துப் பார்க்கும் ஆசை மனிதனுக்குப் பிறவியோடு வந்தது. அந்த ஆசையின் இன்றைய வடிவத்தை அண்மையில் நண்பன் ஒருவனின் கைப்பேசியில் கண்டேன். மனித உயரத்தில் ஆறில் ஒரு பங்கே உள்ள வீரனின் பொம்மை அது. விலையுயர்ந்த பொம்மைகளைச் சேகரிப்போருக்கென்றே செய்யப்படுவது. உள்ளே எஃகு எலும்புக்கூடு. அதன்மேல் சிலிகோன் தோல். முழங்கையை மடக்கினால் மூட்டு தெரிவதில்லை. நம் தோலைப் போலவே அதுவும் மடிகிறது. உயிருள்ள மனிதனின் படம் என்றே முதலில் எண்ணி ஏமாந்தேன்.

இத்தகைய கலைக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர் யார் என்று எண்ணியபோது, இருநூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன் பிறந்த ஒரு பெண்மணி என் கண்முன் வந்து நின்றார். அவர்தான் மேரி டுசாட் அம்மையார்.

மேரி 1761ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள் பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தை ஒரு போர்வீரர். மகளின் முகம் காணாமலே போரில் மாண்டார். கைக்குழந்தையோடு தவித்த தாய், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பிலிப் கர்ட்டியஸ் என்ற மருத்துவர் வீட்டில் வேலைக்காரியாகச் சேர்ந்தார். பிறர் வீட்டு அடுப்பங்கரையில் வளர்ந்த அந்தக் குழந்தைக்குப் பள்ளிக்கூடமும் ஆசிரியரும் அந்த வீடேதான்.

கர்ட்டியஸ் உடற்கூறு கற்பிப்பதற்காக மெழுகில் உறுப்புகளைச் செய்துவந்தவர். பின்னர் மனித உருவங்களையும் செய்யத் தொடங்கிப் பாரிஸ் நகருக்குக் குடியேறினார். தாயும் மகளும் பின்தொடர்ந்தனர். வேலைக்காரியின் மகள்தானே என்று அவர் அந்தச் சிறுமியை ஒதுக்கவில்லை; தம் தொழிலின் நுட்பங்கள் அனைத்தையும் ஒளிக்காமல் கற்றுக்கொடுத்தார். அறிஞர் வால்டேரின் உருவத்தை மேரி 1777ஆம் ஆண்டு வடித்தபோது அவருக்கு வயது இருபதுகூட ஆகவில்லை!

அந்தத் தொழிலின் நுட்பம்தான் என்ன? முகத்தில் எண்ணெய்ப் பசை தடவி, மூச்சு விடுவதற்கு மூக்கில் குழல் செருகி, மேலே சாந்துக்கலவை பூசி அச்சு எடுப்பார்கள். அச்சில் உருக்கிய தேன்மெழுகை வார்ப்பார்கள். பிறகு கண்ணாடிக் கண் பொருத்த வேண்டும். தலைமுடியை ஒவ்வோர் இழையாக ஊசிகொண்டு நட வேண்டும். கன்னத்துச் சிவப்பையும் நரம்பின் நீலத்தையும் மென்மையாகத் தீட்ட வேண்டும். எவ்வளவு பொறுமை வேண்டும், எண்ணிப் பாருங்கள்!

கல்லுக்கும் சாந்துக்கும் இல்லாத ஒரு தன்மை மெழுகுக்கு உண்டு. கல்லின்மேல் பட்ட ஒளி பெரும்பாலும் மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. மெழுகிலோ ஒளி சற்று உள்ளே புகுந்து, சிதறி, மெல்லப் பரவி வெளிவருகிறது. நம் தோலிலும் அப்படியே நிகழ்கிறது. மெழுகு முகம் உயிர் முகமாகத் தோன்றும் இரகசியம் இதுவே. இன்றைய சிலிகோன் தோலும் இதே உண்மையை நம்பித்தான் செய்யப்படுகிறது. நிறத்தை மேலே பூசுவதோடு நில்லாமல், சிலிகோனுக்குள்ளேயே கலந்து ஆழம் காட்டுகிறார்கள்.

அமைதியாகச் சென்ற வாழ்வில் 1789ஆம் ஆண்டு புயல் புகுந்தது. மக்கள் நம்பிய அமைச்சர் நெக்கரை மன்னர் பதவி நீக்கினார். ஜூலை 12ஆம் நாள் கர்ட்டியசின் காட்சிசாலைக்கு வந்த மக்கள் கூட்டம், நெக்கரின் மெழுகுத் தலையையும் ஆர்லியன்ஸ் கோமகனின் மெழுகுத் தலையையும் வாங்கிச் சென்று ஊர்வலம் நடத்தியது. இரண்டே நாளில் பாஸ்டில் சிறை வீழ்ந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் முதல் ஊர்வலங்களில் ஒன்றில் முன்னே சென்றவை மெழுகுத் தலைகள் என்பது வியப்பன்றோ!

பின்னர் வந்தது பயங்கர ஆட்சி. மேரியும் சிறைப்பட்டதாகவும், கொலைக்கருவிக்கு அனுப்புவதற்காகத் தலைமுடி மழிக்கப்பட்டதாகவும், விடுதலையானபின் மாண்டவர்களின் முகங்களிலிருந்து அச்செடுக்க வற்புறுத்தப்பட்டதாகவும் 1838ஆம் ஆண்டு வெளிவந்த அவரது நினைவுநூல் கூறுகிறது. அரசரின் தங்கைக்கு அரண்மனையில் கலை கற்பித்ததாகவும் அந்நூல் சொல்கிறது. இவற்றுக்கெல்லாம் ஆவணச் சான்று கிடைக்கவில்லை என்று ஆய்வாளர் ஐயுறுகின்றனர். கண்காட்சி நடத்துபவர் தம் கதைக்கும் சற்று வண்ணம் தீட்டியிருக்கலாம். ஆயினும் அந்தக் கொடுங்காலத்தில் அவர் பாரிசில் வாழ்ந்தார், பிழைத்தார், அது பொய்யன்று.

1794ஆம் ஆண்டு கர்ட்டியஸ் மறைந்தபோது, தம் சேகரிப்பு முழுவதையும் மேரிக்கே எழுதிவைத்தார். மறு ஆண்டு பிரான்சுவா டுசாட் என்ற பொறியாளரை மேரி மணந்தார். முதற்குழந்தை பிறந்தவுடன் இறந்தது. பின் இரு ஆண்மக்கள் பிறந்தனர். நாட்டில் வறுமை, காட்சிசாலைக்கு வருவோர் இல்லை, கடனோ வளர்ந்தது.

1802ஆம் ஆண்டு அம்மையார் ஒரு முடிவு எடுத்தார். நான்கு வயது மூத்த மகன் ஜோசப்பை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு, மெழுகு உருவங்களைப் பெட்டிகளில் அடைத்து, ஆங்கிலம் அறியாத நிலையில் இலண்டன் மாநகருக்குக் கப்பல் ஏறினார். இரண்டு வயது இளைய மகனை வீட்டாரிடம் விட்டுச் சென்றார். அந்தத் தாயுள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! அழைத்துச் சென்ற பங்காளியோ வருவாயில் பாதியை எடுத்துக்கொண்டார். அவரிடமிருந்து விடுபட்டு அம்மையார் தனித்து நின்றார். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டதால் திரும்பும் வழியும் அடைபட்டது. பின்னர்ப் போர் ஓய்ந்தபோதும் அவர் திரும்பவில்லை. கணவரை அவர் மீண்டும் காணவே இல்லை.

முப்பத்து மூன்று ஆண்டுகள்! இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து என ஊர் ஊராகக் குதிரை வண்டிகளில் மெழுகு மனிதரை ஏற்றிச் சென்றார். சிறு வெப்பமும் உருக்குலைக்கும். சிறு குலுக்கலும் விரலை முறிக்கும். ஒவ்வோர் ஊரிலும் கட்டி அவிழ்த்து, பழுது பார்த்து, மீண்டும் கட்டிப் புறப்பட வேண்டும். தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகிவிடும் என்று ஆய்வகத்தில் படிக்கிறோம். அதற்கு வெகு முன்பே அது இளகும். அம்மையாரோ அந்தப் பாடத்தைக் கைவிரல்களால் படித்தவர். 1822 வாக்கில் இளைய மகனும் வந்து சேர்ந்தான். பிரிந்தபோது மழலை, வந்தபோது வாலிபன்!

1835ஆம் ஆண்டு இலண்டன் பேக்கர் தெருவில் நிலையான காட்சிசாலை அமைந்தது. எழுபது வயதைக் கடந்த அம்மையார் வாயிலில் தாமே அமர்ந்து நுழைவுக் கட்டணம் வாங்கினார். 1842ஆம் ஆண்டு தம் உருவத்தைத் தாமே வடித்தார். சுருக்கங்களை மறைக்கவில்லை, வயதைக் குறைக்கவில்லை. 1850ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், 88ஆம் வயதில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார்.

1884ஆம் ஆண்டு காட்சிசாலை இன்றுள்ள இடத்துக்கு மாறியது. 1925ஆம் ஆண்டுத் தீயும், 1940ஆம் ஆண்டுக் குண்டுவீச்சும் பல உருவங்களையும் அச்சுகளையும் அழித்தன. எஞ்சிய அச்சுகளிலிருந்து பழைய முகங்களை மீண்டும் வார்க்க முடிந்தது. உருவம் அழிந்தாலும் அச்சு பிழைத்தால் போதும்.

நாட்டிங்காமில் பேராசிரியராக இருந்த கிப்பிங் என்ற வேதியியலார், சிலிகோன் சேர்மங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவற்றால் பெரும்பயன் விளையும் என அவரே கருதவில்லை. இன்று அப்பொருள் பொம்மைக்குத் தோலாகிறது. வெயிலில் உருகாத, விரலால் அழுத்தினால் அமுங்கி எழும் அந்தத் தோலை அம்மையார் தொட்டுப் பார்த்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

என் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். என் தாயும் பிறர் வயலில் கூலிக்கு நாற்று நட்டு, அந்த வயல் வரப்பிலேயே என்னை வளர்த்தவர். ஆகவே வேலைக்காரியின் மகளுக்குத் தம் தொழிலைக் கற்றுக்கொடுத்த கர்ட்டியசையும், கற்றதை உயிர்போல் காத்த மேரியையும் என்னால் மறக்க இயலவில்லை. பொருளை எழுதிவைக்கும் தந்தை நமக்கு இல்லாமல் இருக்கலாம். ஒளிக்காமல் கற்றுத்தரும் ஓர் ஆசிரியர் கிடைத்தால், அதுவே அழியாத அச்சு. நாமும் அதை அடுத்தவருக்கு ஒளிக்காமல் கொடுப்போம்!