அடுப்பில் குறைந்த அருமருந்து

பதினெட்டாம் நூற்றாண்டின் கடலோடிகள் புயலைவிட மிகுதியாக அஞ்சியது ஒரு நோய்க்குத்தான். அதன் பெயர் ஸ்கர்வி. பல மாதங்கள் நீளும் கடற்பயணத்தில் உலர்ந்த ரொட்டியும் உப்பிட்ட இறைச்சியுமே மாலுமிகளின் முதன்மை உணவு. பசுமையான காயும் கனியும் கிடைப்பது அரிது. நாளடைவில் ஈறுகள் வீங்கிக் குருதி கசியும், பற்கள் ஆடி விழும், கால்கள் வலுவிழக்கும், இறுதியில் உயிரும் பிரியும். இந்நோயைத் தீர்க்கும் மருந்தைச் சோதனையால் காட்டியவர் ஜேம்ஸ் லிண்ட்.

லிண்ட் 1716 ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். இளமையிலேயே அறுவை மருத்துவர் ஒருவரிடம் பயிற்சி பெற்றார். 1739 இல் பிரித்தானியக் கடற்படையில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். 1747 இல் 'சாலிஸ்பரி' என்னும் போர்க்கப்பலின் மருத்துவரானார்.

அவ்வாண்டு மே மாதம் அக்கப்பலில் ஸ்கர்வி பரவியது. லிண்ட் ஒரே வகையான நோய்க்குறிகள் கொண்ட பன்னிருவரைத் தேர்ந்தெடுத்து, ஓரிடத்தில் தங்கவைத்து, ஒரே உணவை அளித்தார். பின்னர் அவர்களை இருவர் இருவராக ஆறு குழுக்களாகப் பிரித்தார். முதற்குழு புளித்த ஆப்பிள் சாற்றைப் பருகியது. மற்ற நான்கு குழுக்களுக்கு முறையே அமிலம் கலந்த மருந்து, காடி, கடல்நீர், பூண்டும் கடுகும் சேர்த்த லேகியம் ஆகியவை தரப்பட்டன. எஞ்சிய இருவருக்கு நாள்தோறும் இரண்டு ஆரஞ்சுப் பழங்களும் ஓர் எலுமிச்சையும் கிடைத்தன. ஆறு நாளில் பழங்கள் தீர்ந்துவிட்டன. ஆயினும் அதற்குள் அவ்விருவருள் ஒருவர் பணிக்குத் திரும்பும் அளவுக்குத் தேறினார். மற்றவரோ எஞ்சிய நோயாளிகளைப் பேணும் அளவுக்கு நலம் பெற்றார்.

1753 இல் லிண்ட் ஸ்கர்வியைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். 1758 இல் ஹாஸ்லர் கடற்படை மருத்துவமனையின் தலைமை மருத்துவராகப் பொறுப்பேற்றார்.

பழங்கள் நெடும்பயணத்தில் அழுகிவிடுமே என்னும் கவலை அவரை வாட்டியது. எனவே, பழச்சாற்றை மட்கலத்தில் ஊற்றி, சூடான நீரின்மேல் வைத்து, பல மணி நேரம் வற்றவைத்துப் பாகாக்கும் முறையைப் பரிந்துரைத்தார். அப்பாகு நெடுநாள் கெடாதிருக்கும் என நம்பினார். ஆனால், பழத்தைச் சோதித்தது போலப் பாகை நோயாளிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. நோய் தீர்க்கும் சத்தில் பெரும்பகுதி காய்ச்சும்போதும் சேமித்து வைக்கும்போதும் அழிந்துபோனது. பிற்காலத்தில் அப்பாகைக் கப்பலில் கொண்டு சென்ற மாலுமித் தலைவர் ஜேம்ஸ் குக், அதன் பயனில் தமக்குப் பெரும் நம்பிக்கை இல்லை என்று தெரிவித்தார்.

லிண்ட் 1794 இல் மறைந்தார். அடுத்த ஆண்டே மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு வழங்கப் பிரித்தானியக் கடற்படை முடிவு செய்தது. ஸ்கர்வி படிப்படியாகக் குறைந்தது. அந்த அருமருந்து வைட்டமின் சி என்பது 1930களில்தான் உறுதியாயிற்று.

இந்தச் சத்து நீரில் எளிதில் கரையும். வெப்பத்திலும் காற்றிலும் சிதையும். ஆகவே, நறுக்கிய காய்களை நெடுநேரம் நீரில் ஊறவைத்தாலும், மிகுந்த நீரில் வேகவைத்து அந்நீரைக் கொட்டினாலும் அது வீணாகும். காய்களைக் கழுவிய பின் நறுக்கி, சிறிதளவு நீரில் மூடியிட்டு, விரைவாக வேகவைத்தால் பெரும்பகுதி எஞ்சும். எனினும், வெப்பம் எப்போதும் பகையன்று. சமைத்த கேரட்டிலிருந்து கரோட்டின் என்னும் சத்தை உடல் எளிதாகப் பெறுகிறது. எக்காயை எவ்வாறு சமைப்பது என்பதை அறிந்து சமைப்பதே சிறப்பு. லிண்ட் கண்ட மருந்து அடுப்பில் ஆற்றல் இழந்த வரலாறு இதனை உணர்த்துகிறது.

அருஞ்சொற்பொருள்
குருதி – இரத்தம்
காடி – புளித்த நீர்
பேணுதல் – கவனித்துக் காத்தல்

சிந்தித்து விடையளி
1. பன்னிருவருக்கும் லிண்ட் ஒரே உணவை அளித்தது ஏன்?
2. பழப்பாகு எதிர்பார்த்த பயனைத் தராதது ஏன்?
3. உன் வீட்டில் காய்கறி வேகவைத்த நீரை என்ன செய்கிறார்கள்? கேட்டு எழுதுக.