கறிக்காகக் குருவி சுட்ட சிறுவன் 'பறவை மனிதர்' ஆனது எப்படி? ஆனைகட்டி மையத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை

கோவையிலிருந்து கணுவாய், தடாகம், மாங்கரை வழியா ஆனைகட்டி போயிருக்கீங்களா? அங்கே சாலிம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் இருக்கு. சுருக்கமா 'சாக்கான்'. 1990-ல் தொடங்கிய இந்த ஆராய்ச்சி மையம், இந்தியாவின் மிகப் பிரபலமான பறவையியலாளரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் முதன்முதலில் பறவைகளைத் தேடிப் போனது பாதுகாக்க இல்லை, சாப்பிட!

உண்டிவில்லோடு அணில், கவுதாரி, காடைன்னு தோட்டம் தோட்டமா அலைஞ்ச ஒரு தலைமுறை நம்ம கொங்குப் பக்கமும் உண்டு. சாலிம் அலியின் தொடக்கமும் கிட்டத்தட்ட அதேதான். கையில் உண்டிவில்லுக்குப் பதிலா ஏர்கன் இருந்தது, அவ்வளவுதான்.

யார் இந்த சாலிம் அலி?

1896 நவம்பர் 12-ம் தேதி மும்பையில் பிறந்தார். குடும்பத்தில் கடைசிக் குழந்தை. ஒரு வயதில் அப்பாவும் மூன்று வயதில் அம்மாவும் இறந்துவிட, தாய்மாமா அமிருதீன் தயாப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். மாமா வேட்டைப் பிரியர். வளர்ந்ததும் பெரிய வேட்டைக்காரராக வேண்டும் என்பதுதான் சிறுவனின் கனவாகவும் இருந்தது.

ஏர்கன் கைக்கு வந்ததும் வீட்டைச் சுற்றியிருந்த சிட்டுக்குருவிகள் குறியாகின. சுட்டதை அப்படியே போட்டுவிட மாட்டார்கள். முறைப்படி அறுத்து, சமையல்கட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்த மஞ்சள் தொண்டை

ஒருநாள் சுட்ட குருவியின் தொண்டையில் மட்டும் மஞ்சளாக ஒரு தீற்றல். பார்க்கச் சிட்டுக்குருவி மாதிரியே இருக்கு, ஆனா அது இல்லை. இதைச் சாப்பிடலாமா கூடாதா என்ற சந்தேகத்தோடு மாமாவிடம் கொண்டுபோனான். மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் (பிஎன்எச்எஸ்) அவர் உறுப்பினர் என்பதால், கழகத்தின் கௌரவச் செயலாளர் டபிள்யூ.எஸ். மில்லார்டுக்கு ஒரு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

செத்த குருவியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு ஒரு சின்னப் பையன் போய் நிற்கிறான். மில்லார்டு அவனை விரட்டவில்லை, குருவியைக் கொன்றதுக்காகத் திட்டவும் இல்லை. அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று அடையாளம் சொன்னார். பஞ்சு அடைத்துப் பாதுகாத்த நூற்றுக்கணக்கான பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். பறவைகளைப் பதப்படுத்தக் கற்றுக்கொள்ள வழி செய்தார், படிக்கப் புத்தகமும் கொடுத்தார்.

கறிச்சட்டிக்குப் போயிருக்க வேண்டிய ஒரு குருவி, ஒரு வாழ்க்கையையே வேறு பாதையில் திருப்பிவிட்டது.

வேட்டைக்காரனின் பொறுமை

ஆனா இதை ஒரே நாளில் மனம் மாறிய கதையாகப் படிச்சா தப்பு. சின்ன வயசு வேட்டையிலேயே ஆராய்ச்சியாளருக்கான கண் அவருக்கு இருந்திருக்கு.

1906-07 வாக்கில் எழுதிவைத்த ஒரு குறிப்பு இதற்குச் சாட்சி. குதிரை லாயத்தில் ஒரு சிட்டுக்குருவிக் கூடு. காவல் இருந்த ஆண் குருவியைச் சுட்டார். கொஞ்ச நேரத்தில் பெண் குருவி இன்னொரு ஆணோடு வந்தது. அதையும் சுட்டார். இப்படி ஒரே வாரத்தில் எட்டு ஆண் குருவிகள். ஒவ்வொரு முறையும் புது ஜோடி. சுட்டதோடு நிற்காமல், நடந்ததை அந்த வயசிலேயே எழுதிவைத்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அதே பொறுமை 1930-ல் வேறு வேலைக்குப் பயன்பட்டது. இடையில் பர்மாவில் குடும்பத் தொழிலைப் பார்த்து, அது நொடித்து, மும்பை அருங்காட்சியகத்தில் வழிகாட்டி-விரிவுரையாளராகச் சேர்ந்து, பெர்லின் போய் எர்வின் ஸ்ட்ரெஸ்மன் என்ற பெரிய பறவையியலாளரிடம் பயிற்சி பெற்றிருந்தார். திரும்பி வந்தால், பார்த்துக்கொண்டிருந்த வேலையே இல்லை. பணம் இல்லைன்னு பதவியையே எடுத்துவிட்டார்கள். முறையான பட்டம் இல்லாததால் வேறு வேலையும் அமையவில்லை.

மனைவி தெஹ்மினாவோடு கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குக் குடிபோனார். அங்கே வீட்டுக்குப் பக்கத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள். மழைக்காலம் முழுக்க அவற்றின் முன்னால் உட்கார்ந்தார். இம்முறை கையில் நோட்டு மட்டும்தான்.

நம்ம ஊர்க் கிணத்து மேட்டுல தொங்குற அதே கூடுதான். ஆண் பாதிக் கூடு கட்டும். பெண் வந்து சோதிக்கும். பிடித்தால்தான் குடியேறும். உடனே ஆண் அடுத்த கூட்டைக் கட்டத் தொடங்கி, இன்னொரு பெண்ணைத் தேடும். வேலையில்லாத நாட்களில் கண்டுபிடித்த இந்த விஷயம்தான் அவருக்கு முதல் பெரிய பெயரை வாங்கித் தந்தது.

நம்ம மலைகளிலும்

1933-ல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தார். உடுமலைக்கு மேலே உள்ள மறையூர், டாப்சிலிப்புக்கு அப்பால் பரம்பிக்குளம் காட்டிலுள்ள குரியார்குட்டி எல்லாம் அவர் முகாம் போட்ட இடங்கள். தெஹ்மினாவும் கூடவே காட்டில் தங்கினார். 1939-ல் அவர் இறந்தது சாலிம் அலியை உலுக்கிப்போட்டது.

அந்தப் பயணங்களில் துப்பாக்கியும் இருந்தது. அப்போது ஒரு பறவை இனத்தை உறுதி செய்ய, சுட்டுப் பதப்படுத்தி வைப்பதுதான் வழி. அறிவியலுக்காகச் சுடுவதை அவர் கடைசிவரை தவறென்று சொன்னதில்லை. சரக்கணக்கில் சுட்டுத் தள்ளும் வேட்டைதான் அவருக்கு ஆகாது.

அது எப்படிப்பட்ட வேட்டை? ராஜஸ்தானின் பரத்பூர் ஏரியில் 1938 நவம்பர் 12 அன்று, வைஸ்ராய் லின்லித்கோவுக்காக நடந்த வாத்து வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. தற்செயலா, அது சாலிம் அலியின் பிறந்தநாள். பின்னாளில் அதே ஏரியைக் காப்பாற்றப் போராடியவர்களில் முக்கியமானவர் அவர். இன்று அது கேவலாதேவ் தேசியப் பூங்கா.

கண்ணி வைத்தவர்கள் கூட்டாளிகள் ஆனார்கள்

1959-ல் பிஎன்எச்எஸ், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, வலசைப் பறவைகளுக்கு வளையம் மாட்டும் திட்டத்தைத் தொடங்கியது. பறவையைக் காயமில்லாமல் உயிரோடு பிடிக்கணும், காலில் எண் போட்ட வளையம் மாட்டணும், பறக்க விடணும். யாரால் முடியும்? பட்டம் படித்தவர்களால் இல்லை. பரம்பரையாகப் பறவை பிடித்து விற்ற பீகாரின் மிர்ஷிகார்களை அழைத்து வந்தார்கள். நம்ம கோடிக்கரை இந்தப் பணியின் முக்கியக் களங்களில் ஒன்று.

சந்தைக்காகக் கண்ணி வைத்த அதே கைகள், ஆராய்ச்சிக்காகப் பிடித்தன. வேட்டைக்காரர்களைக் குற்றவாளியாக மட்டும் பார்க்காமல், அவர்களின் காட்டறிவுக்குக் கூலியும் மரியாதையும் தந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது உதாரணம்.

எல்லாமே சரியாகச் செய்தாரா?

இல்லை. பரத்பூரில் எருமை மேய்ச்சலைத் தடை செய்ய வேண்டும் என்று அவர் பக்கம் வலியுறுத்தியது. 1982-ல் தடை வந்தது. எதிர்த்த கிராமத்தினர் மீது போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. எருமைகள் இல்லாமல் போனதும் நீரில் புல்லும் களையும் மண்டி, பறவைகளுக்கே சிக்கலானது. மேய்ச்சல் தேவைதான் என்று பின்னர் சொன்னது, அதே பிஎன்எச்எஸ் நடத்திய நீண்டகால ஆய்வு.

மிர்ஷிகார்களிடம் காட்டிய நம்பிக்கை, எருமை மேய்த்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

விட்டுப்போனது

1941-ல் வந்த 'இந்தியப் பறவைகள்' நூல் பறவை பார்ப்பதைச் சாதாரண மக்களிடம் கொண்டுசேர்த்தது. டில்லன் ரிப்ளேயோடு எழுதிய பத்துத் தொகுதிக் கையேடு 1968 முதல் 1974 வரை வெளிவந்தது. அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கவும் குரல் கொடுத்தார். ஆனைகட்டியைத் தாண்டி அட்டப்பாடி வழியா போனா வர்ற அதே காடுதான். பத்ம விபூஷண், மாநிலங்களவை நியமனம் எல்லாம் தேடி வந்தன. 1987 ஜூன் 20 அன்று, 90 வயதில் மறைந்தார்.

இன்னைக்கு இது ஏன் முக்கியம்?

1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, காட்டு உயிர்களை வேட்டையாடுவது குற்றம். கவுதாரிக்குக் கண்ணி வைத்தாலும், கறிக்காக மலையணிலைச் சுட்டாலும் வழக்கு, அபராதம், சிறை. சட்டம் தேவைதான். ஒரு காலத்தில் லேகியத்துக்காகக் கருமந்திகளை வேட்டையாடிய ஆனைமலையில், இன்று அவை மிஞ்சியிருக்க இந்தச் சட்டமும் ஒரு காரணம்.

ஆனா சட்டம் வேட்டையை நிறுத்தும், ஆர்வத்தை உண்டாக்காது. அடிபட்ட குருவியோடயோ, அணில் குட்டியோடயோ ஒரு பையன் வந்து நின்னா, நாம முதல்ல திட்டத்தான் செய்வோம். திட்டிட்டு, அது என்ன உயிர், எங்கே கூடு கட்டும், என்ன தின்னும்னும் சொல்லிக் கொடுங்க. தெரியலைன்னா அவனோட சேர்ந்து தேடுங்க. மில்லார்டு செய்தது அவ்வளவுதான்.